எட்டுக் கிலோ

டெல்ஃபினா தெனெசாகாவுக்கு மாதவிலக்கு நின்றபோது வயது இருபத்திரண்டு. அவள் அதற்காகக் கவலைப்படவில்லை. சொல்லப்போனால் நிம்மதியாகத்தான் இருந்தது. போட்டி நாளன்று வயிற்றுவலி வருமோ, வெள்ளைக் கால்சட்டையில் கறை படுமோ என்ற பயம் போயிற்று. பயிற்சியாளர் வில்மானிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் கையிலிருந்த நிறுத்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"உடம்புல வேண்டாதது எல்லாம் உதிர்ந்துடுச்சுன்னு அர்த்தம். சந்தோஷப்படு. இப்பதான் நீ நிஜமான வீராங்கனை."

அவள் வேகநடைக்காரி. அவள் ஊரான மலை நகரம் குவெங்காவில் அந்த விளையாட்டுக்கு ஓட்டப்பந்தயத்தைவிட மவுசு அதிகம். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், ஊன்றும் காலின் முட்டி மடங்கக் கூடாது, ஆனாலும் பார்ப்பவர் மூச்சு வாங்கும் வேகத்தில் போக வேண்டும். ஊருக்கு மேற்கே, சான் ஹோவாக்கினில், கீரையும் கோசும் பயிர் செய்கிற வீட்டில் பிறந்தவள் டெல்ஃபினா. பதினைந்து வயதில், தலைக்கு மேலே கூடை தெரிய முதுகில் கோசுகளைச் சுமந்துகொண்டு சந்தைக்கு நடந்தவள், ஏற்றத்தில் திணறிய பேருந்தை முந்திக்கொண்டு போனதை வில்மான் அதே பேருந்தின் ஜன்னலிலிருந்து பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். அன்றிலிருந்து அவள் அவருடைய பெண்களில் ஒருத்தி.

திங்கட்கிழமை தோறும் எடை போடுவார்கள். டெல்ஃபினா நாற்பத்துமூன்று கிலோவுக்கு மேல் போனதே கிடையாது. அரைக்கிலோ கூடினால் வில்மான் ஒன்றும் சொல்ல மாட்டார், புருவத்தை மட்டும் தூக்குவார். அந்தப் புருவத்துக்காக அவள் செவ்வாய், புதன் இரண்டு நாளும் இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துவிடுவாள். இருபது கிலோமீட்டரை ஒரு மணி முப்பத்தைந்து நிமிடத்தில் முடித்தாள். மாநில அணியில் நிரந்தர இடம். காலையில் பயிற்சி, பிற்பகலில் ஓடு தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை. இயந்திரப் பட்டையில் நகர்ந்து வரும் தரை ஓடுகளில் விரிசல் விழுந்ததைப் பொறுக்கி எடுத்துப் போட வேண்டும்.

இருபத்தைந்தில் எஃப்ராயின் கீஷ்பேயைக் கல்யாணம் செய்துகொண்டாள். குவெங்காவுக்கும் குவலாசேயோவுக்கும் இடையே பேருந்து ஓட்டுபவன். அதிகம் பேசாதவன், ஆனால் பேசினால் சிரிக்க வைப்பான். அவன் வீட்டில் ஒரே முற்றத்தைச் சுற்றி மூன்று குடும்பம்: மாமியார் தோன்யா ஒப்துலியா தனியாக ஒரு அறையில், எஃப்ராயினின் அண்ணன் குடும்பம் எதிரே, இவர்கள் இந்தப் பக்கம். அண்ணன் மனைவி நர்சிசா சந்தையில் ஓர்னாதோ விற்பவள். முழுப் பன்றியைச் சூளையில் சுட்டு, மொறுமொறுவென்ற தோலோடு மேசைமேல் கிடத்தி, கேட்பவர்களுக்கு வெட்டிப் போடுகிற வியாபாரம். நல்ல பருமன், நல்ல குரல். அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. டெல்ஃபினாவுக்கும் மூன்று வருஷம் ஓடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்களிடம் தோன்யா ஒப்துலியா முற்றத்தில் நின்றபடி சொல்லுவாள்: "எனக்கு ரெண்டு மருமக. ஒருத்தி வெறும் எலும்பு, இன்னொருத்தி வெறும் சதை. ரெண்டையும் ஒரு சட்டியில போட்டுக் கலக்கினா எனக்கு ஒரு பேரப்பிள்ளை கிடைச்சிருக்கும்."

நர்சிசா உடனே திருப்பிக் கொடுப்பாள். "கலக்குங்கம்மா, அடுப்பு நான் தர்றேன்." டெல்ஃபினா உள்ளே போய்விடுவாள். இரண்டு மருமகள்களுக்கும் அப்போது ஒத்துப்போகாது. நர்சிசா அவளைத் துடைப்பக்கட்டை என்பாள். டெல்ஃபினா அவளை எதுவும் சொன்னதில்லை, ஆனால் அவள் சமைத்த தட்டைத் தொடாமல் தள்ளிவைப்பாள். நர்சிசாவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வசவு.

குழந்தைக்காக டெல்ஃபினா ஒரு தனியார் மருத்துவரிடம் போயிருந்தாள். அவர் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பிட்டாள். மாதாமாதம் தவறாமல் வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி ஒரு வருஷம் அதை விழுங்கினாள்.

ஆகஸ்டு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, யனுங்காய் ஆற்றோரப் பாதையில், பதினான்காவது கிலோமீட்டரில் அவளுடைய இடது கணுக்காலுக்கு மேலே ஏதோ முறிந்தது. மூன்று வாரமாகவே அங்கே வலி இருந்தது. விழவில்லை, எதிலும் இடிக்கவில்லை. நடந்துகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள்.

கட்டுப் போட்டுக்கொண்டு, கக்கத்தில் ஊன்றுகோல்களோடு சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. எஃப்ராயினுக்கு வண்டி. அண்ணனும் வேலைக்குப் போய்விட்டான். கடையை மதியத்துக்குத் தள்ளிப்போட்டுவிட்டு நர்சிசாதான் கூட வந்தாள். வாடகைக் காரில் ஏறியது முதல் இறங்கியது வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் லிஹியா நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். எலும்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு காலைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "கடைசியா எப்ப தூரமானீங்க?" என்றார்.

"மாசாமாசம் வருது டாக்டர். மாத்திரை போடுறேன்."

"என்ன மாத்திரை?"

டெல்ஃபினா பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதுக்குக் குடுத்தாங்க?"

"குழந்தைக்கு."

"இது குழந்தை வராம இருக்கப் போடுற மாத்திரைம்மா. மாசக் கடைசியில நிறுத்தினா வர்ற ரத்தம் மாத்திரையோட ரத்தம், உங்களோடது இல்ல. உங்களோடது எப்ப வந்துச்சு, மாத்திரை இல்லாம?"

அவள் வருஷத்தைப் போட்டிகளை வைத்துத்தான் எண்ணுவாள். "மச்சாலா போட்டி நடந்த வருஷம். ஏழு வருஷம் இருக்கும்."

நர்சிசா நாற்காலியில் திரும்பி, அவளை முதல் முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அந்த வாரம் முழுக்கச் சோதனை. ரத்தம், தைராய்டு, வயிற்று ஸ்கேன், எலும்பு அடர்த்தி. முடிவுகள் வந்த அன்றும் நர்சிசாதான் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் காகிதங்களை மேசையில் பரப்பினார்.

"உங்க கர்ப்பப்பை நல்லா இருக்கு. சூலகம் நல்லா இருக்கு. ஆனா ரெண்டும் தூங்குது. எழுப்புற உத்தரவு மூளையிலருந்து வரணும். அது வரல."

"ஏன் வரல?"

"கொழுப்புன்னா சும்மா தொங்குற சதைன்னு நினைக்கிறோம். அது ஹார்மோன் சுரக்கும். மூளைக்கு ஓயாம சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும், 'இங்க இருப்பு இருக்கு, ஒரு உசுரைச் சுமக்கலாம்'னு. உங்க உடம்புலருந்து அந்தச் சேதி போகல. அதுக்கு மேல, நீங்க தினமும் எரிக்கிறது சாப்பிடுறதைவிட ஜாஸ்தி. மூளை பஞ்சம்னு முடிவு பண்ணிருச்சு. பஞ்ச காலத்துல பிள்ளை பெத்துக்க விடாது அது. முட்டை பழுக்கல, அதனால ஈஸ்ட்ரோஜன் இல்ல. ஈஸ்ட்ரோஜன் இல்லாம எலும்பு இளைச்சுப்போச்சு. உங்களுக்கு இருபத்தொன்பது வயசு, எலும்புக்கு அறுபது. கால் உடைஞ்சதுக்கும் பிள்ளை இல்லாததுக்கும் காரணம் ஒண்ணுதான்."

நர்சிசாதான் சிரித்தாள்.

"அப்படிப் பாத்தா நான் பத்துப் பிள்ளை பெத்திருக்கணுமே டாக்டர். என்கிட்ட இருப்புக்கு என்ன குறைச்சல்?"

டாக்டர் சிரிக்கவில்லை. "உங்களுக்கு மாசாமாசம் வருதா?"

"வருஷத்துக்கு மூணு தடவை எட்டிப் பாத்துட்டுப் போகும்."

"முகத்துல முடி வளருதா?"

நர்சிசாவின் கை தானாக மோவாய்க்குப் போயிற்று. சந்தையே அடங்கிப்போகிற குரல் சின்னதாகிவிட்டது. "காலையில பிடுங்கிருவேன். என் புருஷனுக்கே தெரியாது."

"உங்களையும் பாக்கணும். இருப்பு இல்லாட்டி சேதி போகாது. சிலருக்கு அதிகமானா வேற தொல்லை. ஒரே கூச்சலாயிடும். இன்சுலின் ஏறும், அது ஏறினா சூலகம் ஆம்பளை ஹார்மோனை அதிகமாச் சுரக்கும், முட்டை பாதி வளந்து அப்படியே நின்னுடும். குண்டா இருக்கிற எல்லாருக்கும் இது வராது. ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வர்றதுண்டு. அதனால கண்ணால பாத்துச் சொல்ல மாட்டேன், சோதனை பண்ணிட்டுத்தான் சொல்லுவேன்."

சோதனையில் அதேதான் வந்தது. நர்சிசாவுக்கு ஒரு மாத்திரையும், தினம் முக்கால் மணி நேர நடையும். "முப்பது கிலோ குறைக்கச் சொல்லல. ஏழெட்டுக் கிலோ போதும், நிறையப் பேருக்கு அதுலயே முட்டை பழுக்க ஆரம்பிச்சிரும்." டெல்ஃபினாவுக்கு நேர் எதிர். பயிற்சி கூடாது, அந்த மாத்திரையும் கூடாது. எட்டுக் கிலோ ஏற்ற வேண்டும். குறைந்தது ஆறு மாதம், ஒரு வருஷமும் ஆகலாம்.

"எட்டுக் கிலோ ஏறினா நிச்சயம் வந்துடுமா?" என்று கேட்டாள் டெல்ஃபினா.

"நிச்சயம்னு சொல்ல முடியாது."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. போட்டிக்கு முன்னால் யாரும் அவளுக்கு நிச்சயம் என்று எதையும் சொன்னதில்லை. தூரத்தை மட்டும்தான் சொல்வார்கள்.

கிளம்பும்போது டாக்டர், "வீட்டுக்காரங்களையும் அனுப்புங்க, ரெண்டு பேரையும்," என்றார். அதை வீட்டில் சொன்னதும் தோன்யா ஒப்துலியா கையிலிருந்த கரண்டியோடு முற்றத்துக்கு வந்துவிட்டாள்.

"எங்க குடும்பத்து ஆம்பளைங்க டப்பாவுல பிடிச்சுக் குடுத்துப் பேர் எழுதி வாங்கிட்டு வந்ததா சரித்திரமே கிடையாது. என் மாமனாருக்குப் பதினோரு பிள்ளை."

எஃப்ராயின் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "வண்டியை வருஷாவருஷம் சோதனைக்கு விடுறேன்மா. என்னை ஒரு தடவை விட்டா என்ன?" அடுத்த வாரம் சீருடையோடு போய்விட்டு அப்படியே வேலைக்குப் போனான். அவனுக்கு எந்தக் குறையும் இல்லை. அண்ணனுக்கும் இல்லை. தோன்யா ஒப்துலியா இதைத் தானே கண்டுபிடித்ததுபோல ஊர் முழுக்கச் சொன்னாள்.

டெல்ஃபினா சாப்பிட ஆரம்பித்தாள்.

அதைப் பயிற்சி மாதிரியேதான் எடுத்துக்கொண்டாள், அவளுக்கு வேறு வழி தெரியாது. கிலோமீட்டர் எழுதிய நோட்டின் அடுத்த பக்கத்தில் கோடு போட்டு, சாப்பாட்டை எழுதினாள். காலை ஐந்தரைக்கு வெள்ளைச் சோளத்தை வேகவைத்து முட்டை உடைத்து ஊற்றிக் கிளறியது, பெரிய கோப்பைப் பால். ஒன்பதுக்கு ரொட்டியும் வெண்ணெய்க்கட்டியும். மதியம் உருளைக்கிழங்கு சூப், சோறு, கறி. நாலு மணிக்கு ஒரு முழு வெண்ணெய்ப்பழம், உப்பு போட்டு. மறுபடி இரவு. முதல் வாரம் ஒவ்வொரு வேளையும் தொண்டையில் நின்றது. பதினான்கு வருஷமாக, பசி என்பது தான் ஜெயித்துக்கொண்டிருப்பதன் அடையாளம் என்று பழகியவள். வயிறு நிறைந்தால் தப்புச் செய்ததுபோல நெஞ்சு அடித்துக்கொண்டது. தட்டைத் தள்ளிவிடத் தோன்றும்போதெல்லாம் கடைசிச் சுற்றில் என்ன செய்வாளோ அதையே செய்தாள்: அடுத்த மரம் வரை, அடுத்த கவளம் வரை.

எடை முதலில் வயிற்றில்தான் ஏறியது. பிறகு தொடை. நடக்கையில் இரண்டு தொடையும் உரசுவது அவளுக்குப் புது அனுபவம். கால்சட்டைப் பொத்தான் போட முடியாத அன்று கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எஃப்ராயின் நல்லது சொல்வதாக நினைத்து, "இப்பத்தான் கைக்கு ஏதோ தட்டுப்படுது," என்று சொல்லிவிட்டான். இரண்டு நாள் அவள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவன் நாலு மணி வெண்ணெய்ப்பழத்தைத் தானே வெட்டி, உப்புப் போட்டு, தொழிற்சாலை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

தொழிற்சாலையில் பட்டைக்கு எதிர்ப்புறம் நிற்கும் பெண் ஒருநாள் அவள் வயிற்றைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"அட, சொல்லவே இல்லையே. எத்தனை மாசம்?"

ஓடுகள் நகர்ந்துகொண்டிருந்தன. டெல்ஃபினா விரிசல் விழுந்த ஒன்றை எடுத்துத் தொட்டியில் போட்டாள். "மூணு மாசமா சாப்பிடுறேன்," என்றாள்.

கட்டு அவிழ்த்த பிறகு அரைமணி நேரம் மெதுவாக நடக்கலாம் என்றார் டாக்டர். மெதுவாக என்பதை இரண்டு முறை சொன்னார். நர்சிசாவுக்கோ முக்கால் மணி. தனியாக நடக்க வெட்கம் என்று ஒரு மாதமாகத் தட்டிக்கழித்துவந்த நர்சிசா, ஒருநாள் விடியற்காலை கதவைத் தட்டினாள்.

"ஞாஞா, வா. நீ வந்தா உன்னைத்தான் பாப்பாங்க, என்னைப் பாக்க மாட்டாங்க."

அந்த ஊரில் அக்கா தங்கை இரண்டு பேரையும் ஞாஞா என்றுதான் கூப்பிடுவார்கள். இத்தனை வருஷத்தில் நர்சிசா அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஆற்றோரப் பாதையில் நடந்தார்கள். நூறு அடி போவதற்குள் டெல்ஃபினா முன்னால் போயிருப்பாள். திரும்பி வருவாள். மறுபடி முன்னால் போவாள்.

"நாயைக் கூட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்கு," என்றாள் நர்சிசா மூச்சு வாங்கியபடி. "பக்கத்துல நட. டாக்டர் உனக்கு என்ன சொன்னார்?"

"இதுக்கு மேல மெதுவா நடக்கத் தெரியல எனக்கு."

"கத்துக்கோ. நான் வேகமா நடக்கக் கத்துக்கிறேன்ல?"

கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று. தெரிந்த பெண்கள், பழைய தோழிகள், வில்மானின் சீடர்கள் இடுப்பை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் விர்ரென்று கடந்து போவார்கள். கையைத் தூக்குவார்கள். டெல்ஃபினாவின் கால் தசை அந்த ஒவ்வொரு முறையும் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நர்சிசாவின் அடிக்கு அடி வைத்தாள். அவளைக் கேட்டால், வாழ்க்கையில் தான் செய்த பயிற்சிகளிலேயே கடினமானது அதுதான் என்பாள்.

ஜனவரியில் வில்மான் வீட்டுக்கே வந்தார். அவளுக்கு அப்போது நாற்பத்தெட்டு கிலோ. அவர் எடைபோடும் கண்ணால் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏப்ரல்ல தேசிய அணித் தேர்வு. இப்ப ஆரம்பிச்சாக்கூட இறக்கிடலாம்."

"நான் ஏத்திக்கிட்டிருக்கேன் ப்ரோஃபே." பயிற்சியாளரைப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"குழந்தை எங்கயும் போயிடாது. உனக்கு முப்பது ஆகப்போகுது. இந்தத் தடவை விட்டா அணி போயிடும்."

அவள் அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்கு நின்னப்ப, சந்தோஷப்படுன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

"எல்லாப் பொண்ணுங்களுக்கும் நிக்கிறதுதான் அது. பயிற்சி விட்டா தானா வந்துடும்."

"எல்லாப் பொண்ணுங்களுக்கும்னா, எத்தனை பேருக்கு?"

அவர் எண்ணிப் பார்த்ததில்லை. அது முகத்தில் தெரிந்தது. கெட்டவர் இல்லை அவர். தன் பயிற்சியாளர் சொன்னதைத்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மாநில அணியில் அவள் இடம் மார்ச்சில் வேறொருத்திக்குப் போனது. அதோடு மாத உதவித்தொகையும் நின்றது. எஃப்ராயின் ஞாயிற்றுக்கிழமை வண்டியையும் எடுத்துக்கொண்டான்.

ஏப்ரலில் ஐம்பத்தொன்று. சொன்ன எட்டுக் கிலோ ஏறிவிட்டது. ஒன்றும் வரவில்லை. மே மாதமும் இல்லை. "உடம்பு இன்னும் நம்பல," என்றார் டாக்டர் லிஹியா. "ஏழு வருஷம் பஞ்சம் பாத்த உடம்பு. எட்டு மாசச் சாப்பாட்டை நம்பி ஏமாறாது. நிறுத்தாதீங்க." டெல்ஃபினா வீட்டுக்கு வந்து நோட்டில் புதிய கோடுகள் போட்டாள்.

ஜூலையில், ஒரு வியாழன் பிற்பகல், பட்டை முன்னால் நின்றிருந்தவளுக்கு அடிவயிறு இழுத்துப் பிடித்தது. மதியம் தின்ற பீன்ஸ் என்று நினைத்தாள். இடைவேளையில் கழிப்பறைக்குப் போனவள் திரும்பி வரக் கால் மணி ஆயிற்று. மேற்பார்வையாளரிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி அரைநாள் விடுப்பு வாங்கினாள். அவள் முகத்தைப் பார்த்தவர், "உடம்பு சரியில்லாதவங்க இப்படிச் சிரிக்க மாட்டாங்களே," என்றார்.

எஃப்ராயின் குவலாசேயோ பாதையில் இருந்தான், ஓட்டும்போது தொலைபேசியை எடுக்க மாட்டான். அவள் நேராகச் சந்தைக்குப் போனாள். நர்சிசா பன்றித் தலைக்குப் பின்னால் கத்தியோடு நின்றிருந்தாள்.

"என்ன, இந்த நேரத்துல?"

"வந்துருச்சு."

"எது? பேருந்தா?"

"இல்ல. அது. என்னோடது."

நர்சிசா கத்தியைக் கீழே வைத்தாள். காத்திருந்த மூன்று வாடிக்கையாளர்களையும் விட்டுவிட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, எண்ணெய்க் கையோடு அவளைக் கட்டிப்பிடித்தாள். பிறகு பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்து, சந்தைக்கே கேட்கும்படி, "என் ஞாஞாவுக்கு வந்துருச்சு," என்றாள். டெல்ஃபினா வெட்கத்தில் அவள் வாயைப் பொத்தப் பார்த்தாள். பக்கத்துக் கடைக்காரிக்கு என்ன வந்தது என்று புரியவில்லை, ஆனாலும் நல்லது என்று வாழ்த்தினாள். நர்சிசா பன்றியின் முதுகிலிருந்து மொறுமொறுப்பான தோலாகப் பார்த்து உடைத்து ஒரு தட்டு நிறைய வைத்துக் கொடுத்தாள். டெல்ஃபினா நின்றுகொண்டே அவ்வளவையும் தின்று முடித்தாள்.

அக்டோபரில் நர்சிசா உண்டானாள். ஏழு கிலோதான் குறைந்திருந்தாள், பார்ப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. தோன்யா ஒப்துலியா முற்றத்தில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன் ஒரு கோழியைப் பிடிக்கப்போய் மூன்று கோழியை அறுத்துவிட்டான். டெல்ஃபினா எல்லோரோடும் சிரித்தாள், தட்டுகளைக் கழுவினாள்.

மறுநாள் காலை கட்டிலுக்கடியிலிருந்து பழைய காலணியை எடுத்து மாட்டினாள். தனியாக ஆற்றோரப் பாதைக்குப் போனாள். முதல் கிலோமீட்டரிலேயே உடம்பு எல்லாவற்றையும் ஞாபகப்படுத்திக்கொண்டது. இடுப்பு சுழன்றது, கை வீசியது, மரங்கள் பின்னால் ஓடின. எல்லாக் கணக்கையும் அழித்துவிட்டு நாற்பத்துமூன்று கிலோவுக்குத் திரும்பிப் போய்விடலாம், அங்கே அவளை யாரும் முந்த முடியாது. ஆறாவது கிலோமீட்டர்க் கல்லில் நின்றாள். மூச்சு வாங்கவில்லை. கோபத்தில் நடந்துகொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. ஆற்றங்கரைப் புல்லில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். பிறகு காலணியின் கயிற்றைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, ஆறு கிலோமீட்டரையும் மெதுவாக நடந்து வீட்டுக்கு வந்து, முட்டை பொரித்துச் சாப்பிட்டாள்.

நர்சிசாவிடம் மறைக்கவில்லை. "எனக்குப் பொறாமையா இருக்கு ஞாஞா."

"இருக்காதா பின்ன? நீ தெருவுல மெடலைக் கழுத்துல போட்டுக்கிட்டு வர்றப்பல்லாம் எனக்கு இருந்துச்சு." நர்சிசா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நாளைக்கு அஞ்சரைக்கு வந்துடு. வயித்தோட நடக்கணுமாம். நீ இல்லாட்டி நான் பாதியில திரும்பிடுவேன்."

வந்தாள். தினமும் வந்தாள். நர்சிசாவின் வயிறு பெருக்கப் பெருக்க இவள் அடி இன்னும் சுருங்கியது. டெல்ஃபினாவுக்கு முப்பத்தைந்து நாளில் ஒரு முறை வந்தது, பிறகு ஐம்பது நாள், பிறகு முப்பத்திரண்டு. எல்லாம் நோட்டில் ஏறியது. ஜூனில் நர்சிசாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. வலி எடுத்தபோது கூட இருந்தவள் டெல்ஃபினாதான். நவம்பரில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. முன்பு தள்ளிப்போனதற்கு அர்த்தம் வேறாயிற்றே என்று பத்து நாள் யாரிடமும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பதினோராம் நாள் டாக்டர் லிஹியா சோதனைக் குச்சியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மூன்று கிலோ நூறு கிராமில் பெண் பிறந்தாள். ஹெனோவெவா என்று பெயர். தோன்யா ஒப்துலியா குழந்தையின் தொடையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இவ சாப்பிடுவா," என்று தீர்ப்புச் சொன்னாள்.

குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது, வில்மானின் சங்கத்தில் புதிய பருவம் தொடங்குகிற பெற்றோர் கூட்டம். பழைய வீராங்கனை என்று டெல்ஃபினாவையும் அழைத்திருந்தார்கள், இரண்டு வார்த்தை ஊக்கமாகப் பேசச் சொல்லி. குழந்தையைச் சால்வையில் முதுகோடு கட்டிக்கொண்டு போனாள். பதினான்கு பெண்கள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள், சுவரோரம் எடைபோடும் இயந்திரம், அதன் பக்கத்தில் வில்மான்.

"எனக்கு இருபத்திரண்டு வயசுல மாசவிலக்கு நின்னுச்சு," என்றுதான் ஆரம்பித்தாள். "நல்லதுன்னு நினைச்சேன். என்கிட்ட அப்படித்தான் சொன்னாங்க. ஏழு வருஷம் கழிச்சு நடக்கும்போதே கால் எலும்பு முறிஞ்சது. அதுக்கப்புறம் ஒரு குழந்தைக்கு மூணு வருஷம் ஆச்சு. உங்க பொண்ணுக்கு மூணு மாசம் தொடர்ந்து வரலைன்னா மெடல் வருதுன்னு அர்த்தம் இல்ல. சாப்பாடு பத்தலன்னு அர்த்தம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

அறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். முன்வரிசையில் ஒரு தகப்பன் எழுந்தார்.

"இதெல்லாம் ஆம்பளைங்க முன்னாடி பேசுற விஷயமாம்மா?"

"எடையை ஆம்பளைங்க முன்னாடிதான் போடுறாங்க," என்றாள் டெல்ஃபினா.

அவர் உட்காரவில்லை, தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் மனைவி போகவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் எழுந்து கலையும்வரை காத்திருந்து, பிறகு டெல்ஃபினாவின் அருகில் வந்தாள். குரலைத் தாழ்த்தி, "இவளுக்கு அஞ்சு மாசமாச்சு," என்றாள். "என்ன குடுக்கணும் இவளுக்கு?"

டெல்ஃபினா உட்கார்ந்து, காலையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வேளையாகச் சொன்னாள். அந்தத் தாய்க்கு எழுதத் தெரியாது, மகள்தான் எழுதினாள்.

வில்மான் கதவருகே நின்றிருந்தார். "திங்கக்கிழமை எடை போடுறதை என்னால நிறுத்த முடியாது டெல்ஃபினா. சங்கத்தோட விதி அது."

"நிறுத்தச் சொல்லல ப்ரோஃபே. நானும் திங்கக்கிழமை வர்றேன். நீங்க எடையைக் கேளுங்க, நான் தேதியைக் கேக்குறேன். ரெண்டும் ஒரே நோட்டுல இருக்கட்டும்."

அந்தத் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு போனாள் டெல்ஃபினா. வில்மான் எடை நோட்டில் தேதிக்கென்று இன்னொரு கோடு போட்டு வைத்திருந்தார்.